கூகர் 91: 2009 நியூஃபவுண்ட்லாந்து ஹெலிகாப்டர் விபத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் ஒன்று 2009 மார்ச் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் வட அட்லாண்டிக்கில் விழுந்தது. அதிலிருந்த 18 பேரில் 17 பேர் இறந்தனர். இந்த விபத்தைப் பற்றிப் படிப்பவர்களுக்கும், கடல்மேடை வேலைக்குச் செல்வோரின் குடும்பத்தினருக்கும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய விசாரணையின் முடிவுகளே இந்த விடைகளுக்குப் பெரும்பாலும் அடிப்படை.

அன்று காலை நடந்தது என்ன?

கூகர் ஹெலிகாப்டர்ஸ் நிறுவனத்தின் சிக்கோர்ஸ்கி எஸ்-92ஏ வகை ஹெலிகாப்டர், ‘கூகர் 91’ என்ற பறப்பு எண்ணில், 16 பயணிகளோடும் 2 விமானிகளோடும் உள்ளூர் நேரப்படி காலை 9.17 மணிக்கு நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரான செயிண்ட் ஜான்ஸிலிருந்து கிளம்பியது. ஹைபர்னியா எண்ணெய் மேடைக்கும், ஒயிட் ரோஸ் என்ற கடலடி எண்ணெய் வயலில் நின்ற சீரோஸ் என்ற உற்பத்திக் கப்பலுக்கும் ஆட்களைக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. 9.45 மணியளவில், 9,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, முதன்மை கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தம் இல்லை என்று சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. விமானிகள் உடனே அபாய அழைப்பு விடுத்து, கரையை நோக்கித் திரும்பினார்கள். உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடல் மட்டத்திலிருந்து 800 அடியில் மட்டமாகப் பறந்தார்கள். 9.56 மணிக்கு, செயிண்ட் ஜான்ஸுக்கு இன்னும் சுமார் 35 கடல் மைல் இருக்கையில், ஹெலிகாப்டர் மிக வேகமாகக் கீழிறங்கி நீரில் மோதியது.

சிவப்பு விளக்கு எரிந்ததற்கும் நீரில் மோதியதற்கும் இடைப்பட்ட நேரம் 11 நிமிடம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு இடத்தில் இது மறுபடியும் வரும்.

அவ்வளவு தொலைவுக்குக் கப்பலில் போகக்கூடாதா?

ஹைபர்னியா மேடை செயிண்ட் ஜான்ஸிலிருந்து சுமார் 315 கிலோமீட்டர் தொலைவில், கிராண்ட் பேங்க்ஸ் என்ற மீன்வளம் மிக்க கடற்பகுதியில் நிற்கிறது. கப்பலில் போவதற்குப் பல மணி நேரம் ஆவதோடு, குளிர்காலத்து அலைகளில் கப்பலிலிருந்து மேடைக்கு ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதும் தனி ஆபத்து. ஆகவே வாரக்கணக்கில் மேடையிலேயே தங்கி வேலை பார்த்துவிட்டு முறை மாறும் தொழிலாளர்களுக்கு ஹெலிகாப்டரே பேருந்து போல ஆகிவிட்டது.

உண்மையில் எது உடைந்தது?

ஒரு ஸ்டட், அதாவது இரு முனையிலும் மரை வெட்டிய சிறு உலோகக் கம்பி. கியர்பாக்ஸில் சுழலும் எண்ணெயைச் சுத்தப்படுத்தும் வடிகட்டி, கிண்ணம் போன்ற மூடி ஒன்றுக்குள் இருக்கிறது. அந்தக் கிண்ணத்தைக் கியர்பாக்ஸின் உடலோடு இறுக்கிப் பிடித்திருந்தவை மூன்று டைட்டானியம் ஸ்டட்டுகள். அவற்றுள் ஒன்று உலோகச் சோர்வால் விரிசல் கண்டு உடைந்தது. அதன் சுமையும் சேர்ந்து விழுந்ததில் இரண்டாவதும் உடைந்தது. கிண்ணத்தின் விளிம்பு திறந்துகொள்ள, அழுத்தத்தில் இருந்த எண்ணெய் முழுவதும் சில நொடிகளில் வெளியேறிவிட்டது.

ஸ்டட் ஏன் சோர்ந்தது என்பதற்கான விடை பராமரிப்புப் பட்டறையில் இருக்கிறது. எஸ்-92ஏ ஹெலிகாப்டரில் எண்ணெய் வடிகட்டியை, வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைக் காட்டிலும் அதிகமான முறை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்றி மாட்டும்போது டைட்டானியத்தின் மரைகள் உராய்ந்து பிய்ந்துபோயின. பழைய நட்டுகளையே திரும்பப் பயன்படுத்தியது அதை இன்னும் மோசமாக்கியது. மரை கெட்டுவிட்டால், குறடு காட்டும் முறுக்கு விசை சரியாக இருந்தாலும் ஸ்டட்டில் ஏற வேண்டிய இழுவிசை ஏறுவதில்லை. இறுகியது போலத் தோன்றும் அந்த இணைப்பு உண்மையில் தளர்ந்தே இருக்கும். ஒவ்வொரு பறப்பிலும் அதிர்ந்து அதிர்ந்து, ஒருநாள் அது விட்டுவிடும்.

எண்ணெய் போனதால் ஹெலிகாப்டர் ஏன் விழ வேண்டும்? எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதானே இருந்தன?

எஞ்சின்கள் இரண்டும் நன்றாகவே ஓடின. ஆனால் எஞ்சினின் வேகத்தை மேல் விசிறிக்கும் வால் விசிறிக்கும் பகிர்ந்து கொடுப்பது கியர்பாக்ஸ்தான். அதற்கு மாற்றாக இன்னொன்று கிடையாது. எண்ணெய் இல்லாத பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து, வெந்து, இளகின. எச்சரிக்கை விளக்கு எரிந்து சுமார் 10 நிமிடத்தில், வால் விசிறிக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பற்சக்கரத்தின் பற்கள் சிதைந்துபோயின. வால் விசிறி நின்றால் ஹெலிகாப்டரின் உடல், மேல் விசிறி சுழலும் திசைக்கு எதிராகச் சுழலத் தொடங்கும். அதைத் தடுக்க எஞ்சின்களை நிறுத்திவிட்டு, கீழிருந்து வரும் காற்றால் விசிறி சுழல இறங்குவதைத் தவிர விமானிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. 800 அடி உயரம் அதற்கு மிகக் குறைவு. அதோடு, விசிறித் தகடுகளின் கோணத்தைக் குறைப்பதற்கு முன்பே எஞ்சின்கள் நிறுத்தப்பட்டதால் விசிறியின் சுழல் வேகம் பெரிதும் சரிந்து, இறங்கும் வேகம் கட்டுக்கு அடங்காமல் போயிற்று.

எண்ணெய் இல்லாமலே 30 நிமிடம் பறக்கும் என்று சொல்லப்பட்டதே, அது பொய்யா?

இந்த விபத்தைப் பற்றி எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகைப் பெரிய ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்கச் சான்றளிப்பு விதி, கியர்பாக்ஸ் எண்ணெயை இழந்த பிறகும் குறைந்தது 30 நிமிடம் பாதுகாப்பாக இயங்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒரு விலக்கு இருந்தது: எண்ணெய் இழப்பு ‘மிக மிக அரிது’ என்று காட்ட முடிந்தால், அந்தச் சோதனையில் தேற வேண்டியதில்லை. மிக மிக அரிது என்பதன் பொருள், ஒரு கோடிப் பறப்பு மணி நேரத்தில் ஒரு முறைக்கும் குறைவாக நடக்கக்கூடியது என்பதாகும்.

2002இல் சிக்கோர்ஸ்கி நிறுவனம் எஸ்-92ஏவின் கியர்பாக்ஸிலிருந்து எண்ணெயை வடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தது. அது ஏறத்தாழ 11 நிமிடத்தில் செயலிழந்தது. அதன் பிறகு நிறுவனம் கியர்பாக்ஸையே 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும்படி மாற்றவில்லை. எண்ணெய் கசியக்கூடிய இடம் குளிர்விப்பானும் அதன் குழாய்களுமே என்று கணித்து, அந்தப் பகுதியைத் துண்டித்துவிடும் வால்வு ஒன்றைச் சேர்த்தது. மற்ற இடங்களில் கசிவு என்பது மிக மிக அரிது என்று வாதிட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை ஏற்று 2002 டிசம்பரில் சான்று வழங்கியது. வடிகட்டிக் கிண்ணம் பிடிவிட்டுப்போகும் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

சட்டப்படி பார்த்தால் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த ஹெலிகாப்டர் எண்ணெய் இல்லாமல் 30 நிமிடம் ஓடும் என்ற எண்ணம் துறை முழுவதும் பரவியிருந்தது. விலக்கைப் பற்றி அறிந்தவர்கள் சான்றளிப்புக் கோப்பைப் படித்தவர்கள். இருக்கையில் அமர்ந்து வார் பூட்டிக்கொண்டவர்களுக்கு அது எட்டவில்லை. சோதனைக்கூடத்தில் 2002இல் வந்த அதே 11 நிமிடம் 2009இல் கடலுக்கு மேல் வந்தது. அந்த இடைவெளியில் ஏழாண்டுகள் இருந்தன என்பதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை.

இதற்கு முன் எச்சரிக்கை ஏதும் கிடைக்கவில்லையா?

கிடைத்தது. 2008 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகருக்கு அருகே இன்னொரு எஸ்-92ஏ, இதே ஸ்டட்டுகள் உடைந்து, நடுவானில் எண்ணெயை இழந்தது. தரை அருகில் இருந்ததால் விமானி உடனே இறக்கிவிட்டார், எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு கோடி மணி நேரத்தில் ஒன்று என்ற கணக்கு அன்றே உடைந்துவிட்டது.

அதன் பிறகு சேதமடைந்த ஸ்டட்டுகளைக் கண்டறியும்படி பராமரிப்புக் கையேடு திருத்தப்பட்டது. கூகர் நிறுவனத்தில் அந்தத் திருத்தம் முறையாக நடைமுறைக்கு வரவில்லை என்று விசாரணை கண்டது. 2009 ஜனவரி 28 அன்று சிக்கோர்ஸ்கி, டைட்டானியம் ஸ்டட்டுகளை எடுத்துவிட்டு எஃகு ஸ்டட்டுகளைப் பொருத்தும்படி எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பியது. ஆனால் அதற்குக் கொடுத்த தவணை 1,250 பறப்பு மணி நேரம் அல்லது ஓர் ஆண்டு. ஆறு வாரத்துக்குப் பின் விபத்து நடந்தது; தவணை முடியவில்லை; ஸ்டட்டுகள் மாற்றப்பட்டிருக்கவில்லை. விபத்து நடந்து பதினொரு நாளில், ஸ்டட்டுகளை மாற்றாமல் எந்த எஸ்-92ஏவும் பறக்கக்கூடாது என்று அமெரிக்க நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்தது. ஓராண்டுத் தவணை தரக்கூடிய வேலையா அது என்ற கேள்விக்கு அந்த ஆணையே விடை.

விமானிகள் உடனே கடலில் இறக்கியிருக்க வேண்டாமா? தவறு அவர்களுடையதா?

எண்ணெய் அழுத்தம் அந்த அளவுக்கு விழுந்தால் உடனே இறங்க வேண்டும் என்பதே கையேட்டின் விதி. கடலுக்கு மேல் அதன் பொருள் நீரில் இறங்குவது. அவ்வாறு இறங்காமல் 800 அடியில் நின்று, தேவைக்கு மேற்பட்ட விசையோடு கரையை நோக்கிப் பறந்தது, பற்சக்கரத்தின் சிதைவை விரைவுபடுத்தியிருக்கலாம் என்று வாரியம் சொன்னது. தலைமை விமானி ஓட்டும் வேலையோடு மற்றவர் செய்ய வேண்டிய வேலைகளையும் தானே சுமந்ததால், சரிபார்ப்புப் பட்டியலை முடிக்கத் தாமதமானது என்பதும் அறிக்கையில் இருக்கிறது. இவற்றை மறைப்பது நேர்மையாகாது.

அதே அறிக்கை, அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதையும் சொல்கிறது. எண்ணெய் போனால் அதன் வெப்பநிலை ஏற வேண்டும் என்பது விமானிகளிடையே நிலவிய பொது நம்பிக்கை. அன்று வெப்பமானி ஏறவில்லை. எண்ணெயே இல்லாதபோது வெப்பமானி எதை அளக்கும்? ஆனால் அந்த வெப்ப அளவைப் பார்த்தவர்களுக்கு, எண்ணெய் இருக்கிறது, பம்போ உணர்கருவியோதான் பழுது என்று தோன்றியது. கியர்பாக்ஸ் மெதுவாகத்தான் கெடும், கெடுவதற்கு முன் சத்தமும் அதிர்வும் கட்டாயம் வரும் என்றுதான் பயிற்சிக்கூடத்தில் அவர்களுக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். சத்தமும் வரவில்லை, அதிர்வும் வரவில்லை. கீழே பனி உறையும் நிலையில் அலையடிக்கும் கடல். பின்னால் 16 பேர். அந்த நிலையில் கரை எட்டிவிடும் என்று நம்பியவரைக் குற்றவாளி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வாரியமும் ஒருவரை மட்டும் சுட்டவில்லை. ஒன்றோடொன்று பின்னிய 16 காரணங்களை அது பட்டியலிட்டது. அவற்றில் எந்த ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்பதே அதன் கருத்து.

மிதவைகள் இருந்தும் ஏன் மூழ்கியது?

அவசர மிதவைகள், கட்டுப்பாட்டோடு நீரில் இறங்கும் ஹெலிகாப்டரைத் தாங்குவதற்காக அமைந்தவை. இங்கே நடந்தது மோதல். மோதிய வேகத்தில் அவற்றால் பயன் இல்லாமல் போயிற்று. உடல் விரைவாக மூழ்கி, 150 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடற்படுகையில் படிந்தது. கட்டுப்பாட்டோடு இறங்கியிருந்தாலும்கூட, இந்த மிதவைகள் எந்த அளவு அலைக்குச் சான்று பெற்றிருந்தனவோ, அதைவிடப் பெரிய அலைகள் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் குளிர்காலத்தில் சர்வசாதாரணம்.

எல்லோரும் உயிர்காப்பு உடை அணிந்து, தப்பும் பயிற்சியும் பெற்றிருந்தார்கள். பிறகு ஏன் ஒருவர் மட்டும் பிழைத்தார்?

மோதலிலேயே சிலர் நினைவிழந்திருக்கலாம். மற்றவர்கள் சிறிது நேரம் நினைவோடு இருந்திருப்பார்கள் என்று வாரியம் கருதியது. ஆனால் உறைநிலை நீர் முகத்தில் பட்டவுடன் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அதை மனவலிமையால் அடக்க முடியாது. வெதுவெதுப்பான நீச்சல்குளத்தில் அரை நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கத் தெரிந்தவருக்கும், அந்தக் குளிரில் சில நொடிகளே கிடைக்கும். அந்தச் சில நொடிகளில் தலைகீழான இருட்டில் வாரைக் கழற்றி, சன்னலைத் தள்ளி, மேலே வர வேண்டும்.

இதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஓரிரு நிமிடத்துக்குக் காற்றுத் தரும் சிறு உருளை அது. நீருக்கடியில் வாயில் கவ்விக்கொள்ளலாம். கனடாவின் ராணுவ ஹெலிகாப்டர் குழுவினர் அதை முன்பே பயன்படுத்தி வந்தார்கள். எண்ணெய்த் தொழிலாளர்களுக்கும் அதை வழங்குவது பற்றிய பேச்சு இந்தத் துறையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது; விபத்து நடந்த நாளில் ஒருவர் கையிலும் அது இல்லை. சில வாரங்களில், 2009 மே மாதத்தில், பறப்புகள் மீண்டும் தொடங்கியபோது அது வழங்கப்பட்டது.

பிழைத்தவர் மூழ்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வந்து, மேலே மிதந்து, மீட்கப்படும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த நீரில் கிடந்தார். அவருடைய உடல் வெப்பம் உயிருக்கே ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. பின்னர் அவர் விசாரணைக்கு வந்து, நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னார். சிறுவயதிலிருந்து பாய்மரப் படகோட்டியதில் குளிர்ந்த நீர் தனக்குப் பழகியிருந்தது என்று அவர் கூறியது, பயிற்சி எந்த நீரில் தரப்பட வேண்டும் என்ற கேள்வியை எழுப்பியது.

மீட்பு ஹெலிகாப்டர் ஏன் உடனே வரவில்லை?

ராணுவத்தின் மீட்பு ஹெலிகாப்டர்கள் நிலைகொண்டிருப்பது அதே மாகாணத்தின் கேண்டர் நகரில். அன்று அவை பயிற்சிக்காகக் கனடாவின் இன்னொரு மாகாணமான நோவா ஸ்கோஷியாவிலுள்ள சிட்னிக்குச் சென்றிருந்தன. பிழைத்தவரைத் தூக்கியது கூகர் நிறுவனத்தின் இன்னொரு ஹெலிகாப்டர். பயணிகளை ஏற்றும் அமைப்பிலிருந்த அதை மீட்புக்கு ஏற்றபடி மாற்றிய பிறகே கிளப்ப முடிந்தது. அழைப்பு வந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பினால் போதும் என்பதே அப்போதைய ஏற்பாடு.

இதே கடலில் 1982 பிப்ரவரி 15 அன்று ஓஷன் ரேஞ்சர் என்ற துளையிடும் மேடை புயலில் கவிழ்ந்து, அதிலிருந்த 84 பேரும் மாண்டார்கள். அதை ஆராய்ந்த அரச ஆணையம், மேடைகளுக்கு மிக அருகிலுள்ள விமான நிலையத்தில் முழுநேர மீட்பு ஹெலிகாப்டர் ஒன்றை எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது.

விசாரணைகள் என்ன சொல்லின?

போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை 2011 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் பரிந்துரைகள் நான்கு. ‘மிக மிக அரிது’ என்ற விலக்கை நீக்க வேண்டும். ஆழ்கடலுக்கு அப்பால் போகும் இக்காலத்தில் 30 நிமிடமே போதுமா என்று ஆராய வேண்டும். மிதவைகள் தாங்கக்கூடியதைவிடப் பெரிய அலை இருக்கும்போது பறக்கக்கூடாது. உயிர்காப்பு உடை அணியும் ஒவ்வொருவருக்கும் நீரடிச் சுவாசக் கருவி கட்டாயமாக வேண்டும்.

தனியாக, ஓய்வுபெற்ற நீதிபதி ராபர்ட் வெல்ஸ் தலைமையில் பொது விசாரணை ஒன்றும் நடந்தது. கடல்மேடைப் பயணத்தின் பாதுகாப்பு முழுவதையும் ஆராய்ந்த அவர், 2010இல் 29 பரிந்துரைகளை அளித்தார். இரவுப் பறப்பை நிறுத்தும்படி இடையிலேயே அவர் சொன்னது ஏற்கப்பட்டது. மீட்பு ஹெலிகாப்டர் 15 முதல் 20 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும் என்றார். 29ஆவது பரிந்துரைதான் மிக முக்கியமானது என்று அவரே கருதினார்: எண்ணெய் உற்பத்தியைக் கண்காணிக்கும் வாரியத்தின் கையில் இல்லாமல், பாதுகாப்புக்கென்றே தனித்தியங்கும் அமைப்பு ஒன்று வேண்டும்.

எவை மாறின?

எஃகு ஸ்டட்டுகள் வந்தன. சுவாசக் கருவி வந்தது. செயிண்ட் ஜான்ஸில் மீட்புக்கென்றே தனி ஹெலிகாப்டரும் கொட்டகையும் அமைந்தன. அலை அளவு, சுவாசக் கருவி ஆகிய இரண்டும் 2015இல் கனடாவின் விமானச் சட்டவிதிகளில் ஏறின. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பும் புதிய ஹெலிகாப்டர் வகைகளுக்கான எண்ணெய் இழப்பு விதியைக் கடுமையாக்கியது. ஆனால் புதிய விதி, ஏற்கெனவே சான்று பெற்றுப் பறந்துகொண்டிருப்பவற்றைக் கட்டுப்படுத்தாது. வெல்ஸ் கேட்ட தனி அமைப்புக்குப் பதிலாக, எண்ணெய் உற்பத்தியைக் கண்காணிக்கும் வாரியத்துக்குள்ளேயே பாதுகாப்புப் பிரிவை வலுப்படுத்தினார்கள். அவர் கேட்டது அதுவன்று.

இது ஒரே ஒரு விபத்தா, தொடர்கதையா?

மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து 16 பேரும் இறந்தார்கள். அங்கேயும் கியர்பாக்ஸ்தான். அதில் உலோகத் துகள் ஒன்று ஒரு வாரம் முன்பே கிடைத்திருந்தது. அதன் பொருள் புரியவில்லை. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் பெர்கன் அருகே அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டரில் பற்சக்கரம் உடைந்து 13 பேர் இறந்தார்கள். நம் நாட்டில், 2022 ஜூன் 28 அன்று மும்பைக்கு அப்பால் ஓஎன்ஜிசி மேடையருகே 9 பேரோடு சென்ற ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 4 பேர் இறந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் இந்த வேலைக்குப் போகிறார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பயத்தை மட்டும் அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள். நீரடிச் சுவாசக் கருவி தருகிறார்களா, அதை நீருக்குள் வைத்துப் பழகினார்களா? உடை தன் அளவுக்குச் சரியாக இருக்கிறதா, கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாமல் இறுகுகிறதா? உட்காரும் இருக்கையிலிருந்து எந்தச் சன்னல் தனக்குரியது, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவி எட்ட முடிகிறதா? எவ்வளவு அலை இருந்தால் பறப்பை நிறுத்துவார்கள்? மீட்பு ஹெலிகாப்டர் எத்தனை நிமிடத்தில் கிளம்பும்? அந்த வகை ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் எத்தனை நிமிடம் ஓடியதாகச் சோதனையில் பதிவாகியிருக்கிறது? விதி எத்தனை நிமிடம் கேட்கிறது என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது. சோதனையில் ஓடிய நிமிடத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.